குருக்கள் இல்லாத காலத்தில் குடும்பங்கள் காத்த விசுவாசம்



நம் பங்கின் பவள விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோவில் கட்டிய வரலாற்றைத்தான் எழுதச் சொல்கிறார்கள் என்று முதலில் எண்ணினேன். அதை வேறொருவர் எழுதுகிறார் என்றார்கள். சரி, எழுதுவதற்கு என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று, அறைவீட்டு அலமாரியில் கிடந்த பழைய கணக்குப் புத்தகங்களைப் பங்குச் சுவாமியாரிடம் கேட்டு வாங்கிப் புரட்டினேன். முதல் பங்குத் தந்தை முதல் இன்றுவரை வந்த குருக்கள் அனைவருடைய பெயரும், வந்த தேதியும், மாறிச் சென்ற தேதியும் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. கோவில் மணி வாங்கிய விலை இருக்கிறது. ஓடு இறக்கிய கூலி இருக்கிறது. திருநாளுக்கு வாணக்காரனுக்குக் கொடுத்த முன்பணம்கூட இருக்கிறது. மாதந்தோறும் தவறாமல் மற்றொரு வரியும் வருகிறது: "உபதேசியார் சம்பளம்." அவ்வளவுதான். பெயர் இல்லை. இருபது ஆண்டுக் கணக்கில் அந்த மனிதருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நம்மில் வயதானவர்களுக்கு அவரைத் தெரியும். சிலுவை அடையாளம் போட நம் கையைப் பிடித்துப் பழக்கியவர் அவரே. ஆனாலும் ஏட்டில் அவர் பெயர் ஏறவில்லை. இதை ஒரு குறையாக யார்மீதும் நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெயரில்லாத வரி என்னை நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோய் விட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

4000 பணம்

முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் 1536, 1537 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது நாம் அறிந்ததே. அதன் பின்னர் நடந்தது அத்தனை அறியப்பட்டதன்று. தண்ணீர் ஊற்றிய குருக்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகள் அந்த மக்களுக்குக் கற்பிப்பார் ஒருவருமில்லை. 1542-ம் ஆண்டின் இறுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து, நீங்கள் எதை விசுவசிக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்குப் போர்த்துக்கீசு தெரியாது. செபங்களோ அந்த மொழியில் இருந்தன. குற்றம் அவர்களுடையதன்று என்பதைச் சவேரியார் உடனே கண்டுகொண்டார்.

அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்துப் பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம், பாவ அறிக்கை ஆகியவற்றைத் தமிழில் ஆக்கச் செய்தார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டே போய்ச் சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை சொல்லிக் கொடுத்தார். இவற்றை 1544-ம் ஆண்டு ஜனவரித் திங்களில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போனதையும், செபங்களைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போனதையும் அந்தக் கடிதத்தில்தான் எழுதினார். நம் கோவில்களில் சவேரியார் சுரூபம் கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்கிறது. ஒரு சிற்பியாவது அவர் கையில் அந்த மணியைக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. நோயாளிகளைச் சந்திக்க வரும்படி பல வீட்டாரும் ஒரே நேரத்தில் அவரை அழைத்தார்கள். எல்லா வீட்டுக்கும் போக அவரால் முடியவில்லை. ஆகவே செபம் கற்ற சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நோயாளிக்குத் தைரியம் சொல்லி வேண்டினார்கள். பத்து வயதுப் பிள்ளை பாயில் கிடக்கும் பெரியவரின் தலைமாட்டில் நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வதை மனக்கண்ணால் பாருங்கள். குரு ஒருவருக்கு இரண்டு கால்தான் உண்டு. எனவே அந்தப் பிள்ளைகளின் கால்களையும் அவர் கடன் வாங்கிக்கொண்டார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குப் போகுமுன், செபங்களின் படி ஒன்றை அங்கே விட்டு, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளவும், தினமும் சொல்லவும் ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை பெண்களும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களும் கோவிலில் கூடவேண்டும் என்று ஒழுங்கு வைத்தார். ஊருக்கு ஊர் ஒருவரை நியமித்தார். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளைகள் என்று பெயர். அவர்களே நம் உபதேசியார்களின் முன்னோர். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே! போர்த்துக்கல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து வசூலாகி வந்த 4000 பணத்தை அதற்குத் திருப்பிவிடும்படி கேட்டுப் பெற்றார். ஓர் அரசியின் காலணிக் காசில்தான் தமிழ்க் கடற்கரையின் முதல் உபதேசியார்கள் கஞ்சி குடித்தார்கள்.

அந்தக் கணக்கப்பிள்ளைகளின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அவர்களுக்கு ஒதுக்கிய தொகை வந்திருக்கிறது. நம் கணக்குப் புத்தகத்தைப் போலவே!

அதே 1544-ல் மன்னார்த் தீவின் மக்கள் தங்களுக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று சவேரியாருக்கு ஆள் அனுப்பினார்கள். தாம் போக இயலாததால் வேறொரு குருவை அவர் அனுப்பினார். மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். போர்த்துக்கீசரின் கை தன் நாட்டுக்குள் நீள்கிறது என்று கருதிய யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையுடன் வந்து, மறுதலிக்க மறுத்தவர்களை வெட்டினான். 600-க்கும் 700-க்கும் இடைப்பட்டவர்கள் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் கிறிஸ்தவர்களாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மன்னார்த் திருச்சபையின் வரலாறு அந்த இரத்தத்தில் தொடங்குகிறது.

சவேரியார் 1545-ல் இக்கரையை விட்டுக் கிழக்கே போனார். 1548-ல் ஒருமுறை வந்து பார்த்தார். 1552 டிசம்பர் 3-ம் நாள் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் மரித்தார். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் கட்டியவர் என்றிக்கே என்றிக்கசு சுவாமிகள். 1547 முதல் 1600-ல் இறக்கும்வரை ஏறத்தாழ ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இந்த மணலிலேயே கிடந்து தமிழைக் கற்றார். இவர் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் பழமையானது என்று புலவர்கள் அதைப் பெருமையாகப் பேசுவார்கள். அது என்ன நூல் என்பதை நாம் மறக்கலாகாது. அது ஞான உபதேசச் சுவடி. வீட்டில் வைத்துச் சொல்வதற்கான செபமும் போதனையும் கொண்டது.

1658: கதவு அடைக்கப்பட்டது

இனி இலங்கைக்குக் கடல் தாண்டுவோம். நம் கரையிலிருந்து அது தூர தேசமன்று. மன்னாருக்கும் நமக்கும் இடையே முத்துச் சிப்பியும் தோணியும் ஞானஸ்நானமும் அந்நாளிலேயே போய்வந்தன.

போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை 1619-ல் முற்றிலும் கைப்பற்றினர். பிரான்சிஸ்கன் சபையாரும் சேசு சபையாரும் ஊர்தோறும் கோவில் எழுப்பினர். அரசாங்கத்தின் நிழலில் வளர்ந்த கிறிஸ்தவம் அது. சலுகைக்காகவும், ஊரோடு ஒத்துப் போவதற்காகவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அதில் பலர் இருந்தார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. போர்த்துக்கீச அதிகாரிகள் நடந்துகொண்ட விதமோ பல இடங்களில் வெட்கத்துக்குரியது. இதைச் சவேரியாரே தம் காலத்தில் தம் அரசனுக்கு எழுதி முறையிட்டார். ஆகவே அரசு மாறியதும் இந்த மக்கள் அனைவரும் காற்றில் பறந்த பதரைப்போல் சிதறிவிடுவார்கள் என்று யாரேனும் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

அரசு மாறியது. ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர் 1656-ல் கொழும்பையும், 1658 பெப்ரவரியில் மன்னாரையும், நீண்ட முற்றுகைக்குப் பின் அவ்வாண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டையையும் பிடித்தார்கள். தூத்துக்குடியும் அதே ஆண்டில் அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் கல்வின் வழி வந்த சீர்திருத்த சபையார். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658-லேயே கட்டளை பிறந்தது. கோவில்கள் அவர்களுடைய ஆராதனைக்கும் பள்ளிக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டன. பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம். ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் பிள்ளைகளின் சொத்துரிமையே கேள்விக்குரியதாகும்.

இங்கே தூத்துக்குடிப் பரதவ மக்களிடம் டச்சுப் போதகர்களின் முயற்சி பலிக்கவில்லை என்பது தெரிந்த செய்தி. ஆனால் இங்குள்ளவர்களுக்கு டச்சு எல்லைக்கு அப்பால் சென்றால் குருவைக் காண முடிந்தது. இலங்கையில் கடல் சூழ்ந்த அந்த மக்கள் எங்கே போவார்கள்? 1658 முதல் 1687 வரை ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மக்களோடு தங்கிப் பணியாற்றக் கத்தோலிக்கக் குரு ஒருவரும் இல்லை. பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. நன்மை வாங்குதல் இல்லை. அவஸ்தைப்பூசுதல் இல்லை. கோவில் மணி அடித்தால் அது வேறு போதனைக்கு அழைக்கும் மணி.

இருபத்தொன்பது ஆண்டு என்பது எவ்வளவு? 1658-ல் தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்து, மணம் முடித்து, தன் பிள்ளைக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுக்கும் பருவத்தை அடைந்துவிட்டது. அந்தத் தாய் தன் வாழ்நாளில் ஒரு குருவைக் கண்டதில்லை. தன் பிள்ளைக்கு அவள் என்ன சொல்லிக் கொடுத்தாளோ, அது அவளுடைய தாய் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. இடையில் வேறு யாரும் இல்லை.

அந்த மக்கள் அனைவரும் வீரர்களாக இருந்தார்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். பலர் ஒல்லாந்தர் சபையோடு சேர்ந்து போய்விட்டார்கள். இன்னும் பலர், காணி போய்விடக் கூடாதே என்று ஒல்லாந்தர் பதிவேட்டில் பெயர் கொடுத்து, பகலில் அவர்களுடைய கோவிலில் உட்கார்ந்து, இரவில் வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள். இப்படிப்பட்டவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் நிலத்தைப் பணயம் வைக்கும் நிலையில் நம்மை யாரும் நிறுத்தியதில்லை. அந்த இரவுச் செபமாலை அறுந்துபோகாமல் இருந்தது. பின்னால் வந்தவை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன.

இக்காலத்தைச் சேர்ந்த ஒரு மரபு மடு மாதாவைப் பற்றியது. ஏறத்தாழ 1670-ல், மாந்தையில் வாழ்ந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் கோவிலில் இருந்த தேவமாதா சுரூபத்தை ஒல்லாந்தர் கையில் படாமல் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், மருதமடுவில் குடியேறினார்களாம். யானையும் காய்ச்சலும் நிறைந்த காடு அது. அவர்களை நடத்திச் செல்ல ஒரு குருவும் இல்லை. இன்று இலட்சக்கணக்கான மக்கள் யாத்திரை போகும் மடுத் திருத்தலத்தின் தொடக்கம், சுரூபத்தைச் சுமந்த இருபது வீட்டுக்காரர்களின் காரியமே.

செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

இந்த மக்களின் நிலையை இந்தியாவில் கேள்விப்பட்டு உறக்கமிழந்தவர் கோவாவைச் சேர்ந்த ஒரு குரு. அவரே ஜோசப் வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21-ல் கோவாவிலுள்ள பெனாலிமில் பிறந்தவர். 1686-ல் யோவான் என்னும் பணியாளனோடு புறப்பட்டு, தூத்துக்குடி வந்து, 1687-ல் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து மன்னாரையும் பின்னர் யாழ்ப்பாணத்தையும் அடைந்தார். வந்ததும் வயிற்றுக்கடுப்பு அவரைக் கீழே தள்ளிவிட்டது. அந்நிய ஊரில் ஆதரவற்றுக் கிடந்த அவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. தான் காப்பாற்றுவது குருவை என்று அவளுக்குத் தெரியாது. அவள் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

உடல் தேறியது. அடுத்த சிக்கல் இதுதான்: கத்தோலிக்கர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் சொன்னாலோ தலை போகும். அடிகளார் ஒரு வழி கண்டார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். சும்மா பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு, விரட்டியவர்களும் உண்டு. ஆனால் ஒரு சில வாசல்களில், பிச்சை போட வந்தவரின் பார்வை அந்த மாலையில் வந்து நின்றது. அதைக் கண்டதும், இது என்ன என்று அறிந்த வீடு என அடிகளார் தெரிந்துகொண்டார். மெல்லப் பேச்சுக் கொடுத்து, நன்றாக உறுதி செய்துகொண்ட பிறகே, தாம் குரு என்று வெளிப்படுத்தினார்.

இந்த இடத்தில் ஒரு கணம் நிற்போம். அடிகளாருடைய துணிவை எல்லாரும் புகழ்வார்கள், புகழவும் வேண்டும். ஆனால் அவருடைய உபாயம் பலிக்க வேண்டுமானால் வாசலின் உட்புறத்தில் ஒருவர் வேண்டும். செபமாலை என்றால் என்ன என்று இருபத்தொன்பது ஆண்டுகளாக யாரோ தினமும் அந்த வீட்டில் காட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒரு தலைமுறை அதை விட்டிருந்தால், வாசலில் நின்றவரின் கழுத்தில் கிடந்தது வெறும் மணிச்சரம். பிச்சையைப் போட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். தேடி வந்த குருவும் கண்டுகொள்ளப்படாமலே போயிருப்பார்.

அதன்பின் அடிகளார் சில்லாலை என்னும் ஊரில் தங்கினார். விசுவாசத்தில் உறுதியான கத்தோலிக்கர் நிறைந்த ஊர் அது. இரவில் வீட்டுக்கு வீடு பூசை, பகலில் மறைவு. செய்தி பரவியது. குரு ஒருவர் வந்திருக்கிறார் என்பதை ஓர் ஊரே அறியும். ஆனால் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே நடந்தது. 1689-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளுக்குள் ஒல்லாந்தர் படைவீரர் புகுந்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் என்று எட்டுப் பேரைப் பிரித்தெடுத்துக் கசையடி கொடுத்தார்கள். அவர்களில் தொன் பேதுரு என்பவர் முன்னே ஒல்லாந்தர் மதத்தில் இருந்து கத்தோலிக்கராக வந்தவர், அடிபட்டே மாண்டார். ஏனையோர் விலங்கிடப்பட்டுக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டு, மறுதலிக்காமல் அந்த நிலையிலேயே மரித்தார்கள். எல்லாரும் குடும்பத்தார், குருக்கள் அல்லர்.

அடிகளார் அங்கிருந்து புத்தளத்துக்கும், பின்னர் 1692-ல் கண்டிக்கும் போனார். கண்டியில் உளவாளி என்று சிறைப்பட்டதும், 1697-ல் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளை அவர் எடுத்து வைத்துப் பராமரித்ததும், அரசன் அவரை மதித்ததும் தனியே ஒரு கட்டுரைக்குரிய செய்திகள். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

நம் பொருளுக்கு வேண்டியது அவர் செய்த ஏற்பாடு. பல ஆண்டுகள் அவர் ஒருவரே நாடு முழுவதற்கும் குரு. துணைக்குருக்கள் கோவாவிலிருந்து வந்த பின்னரும் அவர்கள் ஒரு கையளவே. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை போனால் பெரிது. எனவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவரையும் அண்ணாவியார் ஒருவரையும் நியமித்தார். மூப்பர் கோவில் காரியங்களையும் சபையின் ஒழுங்கையும் பார்ப்பவர். அண்ணாவியார் செபம் நடத்துபவர். பிள்ளைகளுக்கு உபதேசம் சொல்பவர். அவசரத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகக் கிடப்பவரின் அருகே இருந்து நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்வதும் இவர்களுடைய பொறுப்பாயிற்று. அண்ணாவியார் என்ற சொல் நம் கடற்கரைகளில் கூத்துப் பழக்குபவரையும் குறிக்கும். சொல்லிக் கொடுப்பவர் என்பதே அதன் பொருள். சவேரியாரின் கணக்கப்பிள்ளையும், வாஸ் அடிகளாரின் அண்ணாவியாரும், நம் உபதேசியாரும் ஒரே குடும்பத்து மனிதர்கள்.

1711 ஜனவரி 16-ல் அடிகளார் கண்டியில் உயிர் நீத்தார். 1705-ல் வந்து சேர்ந்திருந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதி அந்த அண்ணாவிமாரின் கைகளில் கொடுத்தார். அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" தவக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோவில்களில் தலைமுறை தலைமுறையாக இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. அதை வாசிக்கக் குரு வேண்டியதில்லை. எழுத்தறிந்த ஒருவரும், கேட்டு அழக்கூடிய ஊரும் போதும். 1742-ல் அவரும் மறைந்தார். ஒல்லாந்தர் ஆட்சி 1796-ல் முடிந்தது. கத்தோலிக்கர்மீது இருந்த சட்டத் தடைகளை 1806-ல்தான் ஆங்கில ஆளுநர் மெயிட்லண்டு நீக்கினார். 1658-லிருந்து எண்ணினால் 148 ஆண்டுகள். இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 1995-ல் கொழும்பில் வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14-ல் பிரான்சிஸ் பாப்பரசர் அதே நகரில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்று மாதாவை வணங்கினார்.

நம் வீடுகளில்

இந்தக் கதையை நான் இளமையிலேயே படித்திருக்கிறேன். எங்கோ நடந்தது என்ற அளவில்தான் அது மனத்தில் இருந்தது. 2020-ம் ஆண்டு வந்தது. கொரோனாவுக்காக மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. நம் கோவிலும் பூட்டப்பட்டது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. இரண்டுக்கும் பூட்டிய கோவிலில் பங்குச் சுவாமியார் தனியாகப் பூசை செய்தார். நாம் வீட்டில் இருந்தோம். நம் வாழ்நாளில் முதல் முறையாக, பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவையை முத்தி செய்ய நமக்குக் கோவில் இல்லை.

அந்த வாரத்தில் எங்கள் தெருவில் கண்டதை மட்டும் சொல்கிறேன். சில வீடுகளில் தொலைக்காட்சியில் பூசை பார்த்தார்கள். நல்லதே. ஆனால் மாலையில் விளக்கு வைத்ததும் என்ன செய்வது என்று பல வீடுகளில் தெரியவில்லை. படித்த பிள்ளைகளுக்குத் துக்க தேவ இரகசியங்கள் எவை என்பது வரிசையாகத் தெரியவில்லை. என் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன். நாலாம் இரகசியத்தில் என் பேரன் என் முகத்தைப் பார்த்தான், நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். எதிர்வீட்டுப் பாட்டி, எழுத்து அறியாதவர், சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் புத்தகமின்றித் திண்ணையில் இருந்தபடி சொன்னார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரவர் வாசற்படியில் நின்று பதில் சொன்னார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்தப் பாட்டி அந்தச் சில நாட்களுக்கு எங்கள் தெருவின் அண்ணாவியாராக இருந்தார். இன்று அவர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்.

நமக்குப் பூட்டியது சில மாதம். இணையத்தில் பூசை இருந்தது. தொலைபேசியில் சுவாமியாரின் குரல் இருந்தது. தமிழ்நாட்டில் செப்டம்பர் முதல் நாள் கோவில்கள் எல்லாம் திறந்துவிட்டன. சில்லாலையாருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அது புதிய போதனை என்று அக்காலத்தில் சிலர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. மாந்தையிலிருந்து மருதமடுவுக்குச் சுரூபத்தைத் தூக்கிப் போனவர்களிடம் கேட்டிருந்தால், அது பழைய சமாசாரம் என்று சொல்லியிருப்பார்கள்.

கோவிலுக்குப் போனால் போதும், மற்றதைச் சாமியாரும் கன்னியரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் நம்மிடையே எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பங்குக்குச் சொந்தமாகக் குரு வந்த பிறகு வந்திருக்கலாம். இந்தப் பவள விழாவில் நாம் நன்றி சொல்வது குரு ஒருவர் நம்மோடு தங்கியிருக்கும் வரத்துக்கு. அந்த வரமே நம்மைச் சோம்பேறிகள் ஆக்கிவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. இதைச் சுவாமியாரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மாஸ்டர், அதையும் எழுதிவிடுங்கள்" என்றார். எழுதிவிட்டேன்.

உபதேசியார் பெயரைப் பற்றித் தொடங்கினேன். மலர்க் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். இந்த மலரில் குருக்களின் பட்டியலுக்கு அடுத்த பக்கம் எழுத்தின்றி விடப்பட்டிருக்கிறது. அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு முதன்முதலில் சிலுவை அடையாளம் போடக் கற்றுத் தந்தவர் பெயரை, அவர் தாயோ, பாட்டியோ, அத்தையோ, உபதேசியாரோ யாராயினும், உங்கள் கையாலேயே அதில் எழுதி, மலரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். என் பிரதியில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். ஒன்று என் அம்மாவுடையது. மற்றது, மாதந்தோறும் கணக்குப் புத்தகத்தில் சம்பளமாக மட்டும் வந்து போன அந்த மனிதருடையது. கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் பாசி படிந்த ஒரு கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்துத்தான் அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சரியாக அறிந்துகொண்டேன்.